வந்து செல்லும் செவிலியரும் உடனிருக்கும் பெற்றோரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் பேருந்து, கோமுகி அணைப் பகுதியைக் கடந்த பின் வளைந்து வளைந்து மேலேறத் தொடங்குகிறது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இறங்கிய பின்னும் சில குக்கிராமங்களுக்கு நடந்தே செல்ல வேண்டும். அந்த வழியில் தோளில் ஒரு பையுடன் நடந்து செல்லும் பெண்ணை மலைமக்கள் நன்கு அறிவர். அவர் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கலாம். ஆஷா பணியாளராக இருக்கலாம். அங்கன்வாடிப் பணியாளராகவும் இருக்கலாம். பையில் குழந்தையின் எடை பார்க்கும் தராசு, வெப்பமானி, சில மருந்துகள், ஒரு பதிவேடு ஆகியவை இருக்கும்.

அவர் வாசலுக்கு வந்ததும் பல வீடுகளில் நிகழ்வது ஒன்றே. தாய் குழந்தையைக் கொணர்ந்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொள்கிறார். தந்தை வீட்டில் இருந்தால், இது பெண்கள் பேச்சு என்று எழுந்து வெளியே போய்விடுகிறார். பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். செவிலியர் எடை பார்த்து, அட்டையில் குறித்து, “குழந்தை நன்றாக இருக்கிறது” என்று சொன்னதும் அனைவருக்கும் நிம்மதி. வந்த வேலை முடிந்தது என்று விடைகொடுத்து அனுப்புகிறார்கள்.

உண்மையில் அவருடைய வேலையின் முக்கியமான பகுதி அப்போதுதான் தொடங்க வேண்டும். அவர் குழந்தையை மட்டும் காண வரவில்லை. குழந்தையை வளர்க்கும் உங்களைக் காணவும், உங்களுடன் பேசவும் வந்திருக்கிறார்.

ஒரு சிறு கணக்கு

மருத்துவமனையில் பிறந்து வீடு திரும்பும் குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டிற்கே சென்று காண வேண்டும் என்பது, 2011 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் நெறி. வீட்டிலேயே பிறந்த குழந்தையாயின் முதல் நாளிலும் காண வேண்டும். 2018-இல் தொடங்கிய மற்றொரு திட்டம், 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களிலும் வீட்டு வருகைகளைச் சேர்த்தது. நம் மாநிலத்தில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பகுதிகளிலும் எளிதில் சென்றடைய இயலாத பகுதிகளிலும் பணிபுரிகின்றனர்.

ஆக, முதல் பதினைந்து மாதங்களில் 11 வருகைகள். ஒவ்வொரு வருகையும் அரைமணி நேரம் என்று கொண்டாலும் மொத்தம் ஐந்தரை மணி நேரம்தான். பதினைந்து மாதங்களோ ஏறத்தாழ 450 நாள்கள். அந்த ஐந்தரை மணி நேரத்தில் செவிலியரே குழந்தையை வளர்த்துவிட முடியாது. எஞ்சிய நாள்களில் பெற்றோர் செய்யப்போவதைச் செம்மைப்படுத்தவே அந்த நேரம் பயன்படும். அவர் சென்ற பின் வீட்டில் ஏதேனும் ஒன்று மாறினால் வருகை பயனுடையது. எதுவும் மாறாவிடில் அட்டையில் ஒரு குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

முதல் ஆயிரம் நாள்கள்

கருவுற்ற நாளிலிருந்து குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாள்கள். இந்தக் காலத்தில் மூளை வளரும் விரைவு வாழ்நாளில் வேறெப்போதும் காணப்படுவதில்லை. இரண்டு வயதிற்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சிக்கு உணவு வேண்டும், நோயின்மை வேண்டும். அவற்றோடு, குழந்தையின் குரலுக்கு மறுகுரல் தரும் ஒருவரும் வேண்டும்.

மூன்று மாதக் குழந்தை ‘ங்கா’ என்கிறது. தாயும் அதன் முகம் பார்த்து ‘ங்கா’ என்கிறார். குழந்தை மகிழ்ந்து மீண்டும் ஒலி எழுப்புகிறது. பார்ப்பவருக்கு இது வெறும் கொஞ்சல். ஆனால் தான் செய்வதற்கு உலகில் பதில் உண்டு என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வது இங்கேதான். பேச்சு, நினைவாற்றல், பிறர்மீது நம்பிக்கை ஆகிய அனைத்தும் இத்தகைய கொடுக்கல் வாங்கலின் மீதே எழுகின்றன.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்திருக்கிறது. கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்திற்குரியது. கைகொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதத்திற்குரியது. குழந்தையை நடந்துவர அழைக்கும் வருகைப் பருவமும், நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் அவற்றைத் தொடர்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையோடு பேசும் ஒரு குரல் இருப்பதைக் கவனியுங்கள். குழந்தையைத் தனியே வளரவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும் மரபு நம்முடையதன்று.

உணவு மட்டும் போதுமா?

‘குழந்தை வயிறார உண்கிறது, எடையும் ஏறுகிறது, வேறென்ன வேண்டும்?’ என்று கேட்கும் பெற்றோர் பலர். இந்தக் கேள்விக்கு ஜமைக்கா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 1986, 1987 ஆண்டுகளில் அந்நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதிற்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சாலி கிராந்தம்-மெக்ரிகர், சூசன் வாக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் 9 முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள். ஒரு பிரிவினருக்குச் சத்துணவு மட்டும் வழங்கப்பட்டது. இன்னொரு பிரிவினரின் வீட்டிற்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரந்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றுவந்தார். வேறொரு பிரிவினருக்கு இரண்டும் கிடைத்தன. எதுவும் பெறாத பிரிவும் ஒன்று இருந்தது.

வீடுகளுக்குச் சென்ற பணியாளர்கள் விலையுயர்ந்த எதையும் எடுத்துச் செல்லவில்லை. பயன்படுத்தி எறிந்த பொருள்களால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினர். பின்பு தாயையே செய்யச் சொல்லி உடனிருந்து பாராட்டினர். பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வருகையில் மாற்றித் தந்தனர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றபோது, வீட்டு வருகை பெற்றவர்களின் வருவாய் மற்றவர்களுடையதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை.

இதனால் உணவு முக்கியமன்று என்று பொருள் கொள்ளலாகாது. பசித்த குழந்தையால் விளையாடவும் இயலாது. உணவு உடலை நிறுத்துகிறது. உறவு மனத்தை வளர்க்கிறது. இரண்டும் வேண்டும் என்பதே பாடம்.

இதே முறை நம் நாட்டிற்கும் வந்தது. ஒடிசாவின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 421 குழந்தைகளிடையே நடந்த ஆய்வில், அப்பகுதிப் பெண்களே பயிற்சி பெற்று 18 மாதங்கள் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றனர். வருகை பெற்ற குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. அதே மாநிலத்தின் 192 சிற்றூர்களில் நடந்த மற்றோர் ஆய்வு, தாய்மார்கள் குழந்தைகளுடன் ஓரிடத்தில் குழுவாகக் கூடிக் கற்றாலும் வீட்டு வருகைக்கு இணையான பயன் கிடைப்பதைக் காட்டியது. வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையூர்களுக்கு இது நல்ல செய்தி. அங்கன்வாடியில் கூடும் கூட்டத்தையும் வீட்டு வருகையைப் போலவே கருதித் தவறாமல் செல்லுங்கள்.

மலைக்கு மறுபுறம் நிகழ்ந்தது

அயல்நாட்டு எடுத்துக்காட்டு எதற்கு, நம் மலையிலேயே உண்டு என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் உள்ளது. அங்கு வாழ்வோரும் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்களே. 1993-இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கு குடியேறி, ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்போது அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தன.

இறப்பைக் குறைக்க அவர்கள் கட்டடத்தை மட்டும் நம்பவில்லை. ஊர்தோறும் அவ்வூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் வீடு வீடாகச் சென்று கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் கண்டு, தாய்மார்களோடு அமர்ந்து பேசினர். சொல்பவர் தம் ஊர்க்காரர், தம் மொழியில் பேசுபவர், தம் வீட்டு நிலையை அறிந்தவர் என்பதால் மக்கள் செவிகொடுத்தனர். பிற்காலத்தில் அங்கு குழந்தை இறப்பு பலமடங்கு குறைந்தது.

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் கண்டதும் இதுவே. ஊர்ப் பெண்களைக் கொண்டு வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைப் பராமரித்ததால், பிறந்த முதல் மாதத்து இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் வெளியிட்டனர். இன்று உங்கள் வீட்டிற்கு ஆஷா பணியாளர் வருவதற்கு வழிகோலிய பணிகளுள் அதுவும் ஒன்று.

செவிலியர் வரும்போது

செவிலியர் வரும் நேரத்தில் குழந்தையை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள். பாட்டியையும் அருகில் அமரச் சொல்லுங்கள். தந்தை ஊரில் இருந்தால் அவரும் உடனிருக்கட்டும். தாய்சேய் நல அட்டையை எடுத்து வையுங்கள். அதில் எடைக் கோட்டுடன், எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்ற குறிப்புகளும் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதோர் படங்களைக் காட்டி விளக்கக் கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டாம்.

அவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். ‘இந்த மாதத்தில் என் குழந்தை என்ன செய்ய வேண்டும்?’, ‘அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?’, ‘நான் செய்வது சரிதானா, பாருங்கள்.’ மூன்றாவதே முதன்மையானது. தாய்ப்பால் ஊட்டும் முறையாயினும் குழந்தையோடு விளையாடும் முறையாயினும், காதால் கேட்டது மறந்துபோகும். கையால் செய்தது நிலைத்து நிற்கும்.

வீடு ஒழுங்காக இல்லையே, கொடுக்க ஒன்றும் இல்லையே என்று தயங்க வேண்டாம். அவர் குறைகாண வருபவர் அல்லர். தாய்க்கு உறக்கமின்மையோ, காரணமில்லாத அழுகையோ, குழந்தைமீது பற்றின்மையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு குணப்படுத்தக்கூடியது. தாயின் மனம் தேறினால் குழந்தையின் முகமும் மலரும்.

அவர் சென்ற பின்

குழந்தையோடு விளையாடத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்யும் வேலைகளுக்கு நடுவிலேயே அதற்கு இடமுண்டு.

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை: பாலூட்டும்போது முகம் பார்த்துப் பேசுங்கள். அது எழுப்பும் ஒலியைத் திருப்பிச் சொல்லுங்கள். வண்ணத் துணி ஒன்றைக் கண்ணெதிரே மெல்ல அசைத்தால் கண்கள் தொடர்ந்து வரும்.

ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை: பெயர் சொல்லி அழையுங்கள். தூய கிண்ணமும் கரண்டியும் கொடுத்தால் தட்டி மகிழும். பொருளைத் துணிக்கடியில் மறைத்துத் தேடச் சொல்லுங்கள். கைகொட்டவும் கையசைக்கவும் கற்றுத்தாருங்கள்.

ஒன்று முதல் இரண்டு வயது வரை: சாமையோ கேழ்வரகோ புடைக்கும்போது அருகில் அமர்த்தி, ‘இது முறம், இது தானியம்’ என்று பெயர் சொல்லுங்கள். தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் செய்யுங்கள். உடலுறுப்புகளைத் தொட்டுக் காட்டக் கேளுங்கள்.

இரண்டு வயதிற்குப் பின்: இலைகளில் பெரியது எது, சிறியது எது என்று கேளுங்கள். கதை சொல்லுங்கள், அதையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை, நிலக்கடலை, மணிகள் போன்ற சிறு பொருள்களைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே கேடு. அடுப்பும் நீர் நிறைந்த பாத்திரங்களும் கிணறும் எப்போதும் உங்கள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள். மலைவழக்குத் தமிழ் பள்ளிக்குத் தடையாகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தாய்மொழியில் சொல்வளம் பெற்ற குழந்தைக்கே பின்னர் எதையும் கற்பது எளிது.

தொலைவில் இருக்கும் தந்தை, அருகில் இருக்கும் பாட்டி

பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்லும் குடும்பங்களில், குழந்தையை வளர்ப்பவர் பெரும்பாலும் பாட்டியோ தாத்தாவோதான். அத்தகைய வீடுகளில் செவிலியர் பேச வேண்டியது அவர்களிடமே. வயதானவர்க்கு ஓடியாட இயலாமற் போகலாம். தாலாட்டும் கதையும் விடுகதையும் அவர்களைப்போல் அறிந்தவர் இலர். அவை யாவும் குழந்தையின் மூளைக்கு உணவே.

தொலைவில் இருக்கும் தந்தையும் தாயும் நாள்தோறும் ஒருமுறையேனும் கைப்பேசியில் குழந்தையின் பெயர் சொல்லிப் பேசுங்கள். அதன் பதில் ஒலிக்குக் காத்திருங்கள். இதுவே குழந்தைக்குக் கைப்பேசியால் விளையும் நற்பயன். அழுகையை நிறுத்தக் காணொளியை ஓடவிடுவது வேறு. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே கூடாது என்றும், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது, அதனினும் குறைவே நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது. திரை பேசும், ஆனால் குழந்தைக்கு மறுமொழி தராது.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

“அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான், இவனும் பேசுவான்.” குழந்தைகள் நலப் பிரிவுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. சில குழந்தைகள் சற்றுத் தாமதித்தே நடக்கின்றன, பேசுகின்றன என்பது உண்மையே. ஆயினும் எந்தத் தாமதம் இயல்பானது, எது நோயின் அறிகுறி என்பதை வீட்டில் இருந்தபடி அறிய முடியாது. காது கேளாத குழந்தை பேசாதிருப்பதும் வெளியிலிருந்து பார்க்க வெறும் தாமதம் போலவே தோன்றும்.

ஆகவே பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வருகைக்குக் காத்திராமல் செவிலியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

- மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. உரத்த ஒலிக்கும் அசைவில்லை.
- ஐந்து மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை.
- பத்து மாதமாகியும் பிடிமானமின்றி உட்காரவில்லை.
- ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை.
- ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. விரல் நீட்டிக் காட்டவில்லை.
- இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
- எந்த வயதிலாயினும், முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை.

குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்து பிறந்தவை, பிறந்தவுடன் அழாதவை, கடும் மஞ்சட்காமாலையோ வலிப்போ கண்டவை ஆகிய குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாவிடினும் தொடர் பரிசோதனை தேவை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறவிக் குறைகளும் வளர்ச்சித் தாமதங்களும் கட்டணமின்றிக் கண்டறியப்படுகின்றன. மேற்சிகிச்சைக்கென மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன.

குறை உறுதியானாலும் மனம் தளர வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் பணியாற்றும் அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே பயிற்சி பெற்ற பணியாளர்களை அனுப்பி, பயிற்சிகளைப் பெற்றோருக்குக் கற்பித்துவருகிறது. அங்கும் அதே உண்மைதான்: வாரத்தில் ஒரு நாள் வரும் சிகிச்சையாளரின் கை போதாது, நாள்தோறும் தொடும் தாயின் கையும் தந்தையின் கையும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிறைவாக

அடுத்த முறை செவிலியர் உங்கள் வாசலுக்கு வரும்போது தள்ளி நிற்காதீர்கள். அருகில் அமருங்கள், கேளுங்கள், அவர் கண்ணெதிரே செய்து பாருங்கள். அவர் சொன்னவற்றில் ஒன்றை மட்டுமாவது அன்று மாலையே தொடங்குங்கள். மலையேறி வந்தவர் அந்தி சாய்வதற்குள் இறங்கிச் சென்றுவிடுவார். இருட்டிய பின் குழந்தை ‘ங்கா’ என்று அழைக்கும்போது, பதில் சொல்ல அருகில் இருக்கப்போகிறவர் நீங்கள்தான்.